ஆறு ஓட்டை பாக்கி

ஜமுனாமரத்தூரில் என் புருஷன் ஓட்டை போடாத சுவரே கிடையாது. மளிகைக்கடை, பேக்கரி, லாட்ஜ், புதிதாக எழும்பியிருக்கிற மாடி வீடுகள் என்று எல்லா இடத்துக்கும் ட்ரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவான். கிர்ரென்று துளைத்துவிட்டு, தலையெல்லாம் சிமெண்டுத் தூளாக வீட்டுக்கு வருவான். எலக்ட்ரீசியன் என்றால் பாதி வேலை கரண்ட், பாதி வேலை ஓட்டை என்று அவனே சொல்வான். ஊர் முன்னால் அவர், வாங்க, போங்க. வீட்டுக்குள் எனக்கு அவன்தான். பெயர் அஜய்.

அப்பேர்ப்பட்ட ஆள், தன் கையாலேயே செய்த ஒரு கிடாரில் ஆறே ஆறு ஓட்டை போடுவதற்கு மாதக்கணக்கில் டபாய்த்துக்கொண்டிருந்தான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

கிடார் என்றதும் நடுவில் பெரிய வட்டத் துளை போட்ட டப்பா கிடாரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கெட்டி மரக் கிடார். சின்னராஜ் அண்ணன் நிலத்தில் காற்றுக்குச் சாய்ந்த பலாமரத்திலிருந்து ஒரு பலகை வாங்கி வந்து, அறுத்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உடம்பைச் செய்தான். கழுத்து மட்டும் அவனுடைய பழைய கிடாரின் கழுத்து. கம்பிகள் பின்பக்கத்திலிருந்து மரத்துக்குள் நுழைந்து, முன்பக்கம் வெளியே வந்து, கழுத்து வழியாக மேலே போக வேண்டும். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் குட்டியாக ஒரு பித்தளைக் குண்டு இருக்கிறது. அது பின்பக்கம் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கம்பி மரத்துக்குள்ளே பூந்து வந்தால்தான் மரமும் சேர்ந்து பாடும் என்பது அவன் கட்சி. ஆக, ஆறு கம்பிக்கு ஆறு ஓட்டை. மற்ற எல்லாம் முடிந்துவிட்டது. பென்சிலால் ஆறு புள்ளி வைத்து, ஆணி முனையால் ஒவ்வொரு புள்ளியையும் லேசாகத் தட்டிப் பள்ளம் செய்துகூட வைத்திருந்தான். அதோடு சரி.

கேட்டால் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. மெஷினில் மாட்டித் துளைக்கிற பிட்டு நீளம் போதவில்லை என்றான். திருவண்ணாமலையிலிருந்து நீளமான பிட்டு வந்தது. மழைக் காலத்தில் மரம் ஈரம் வாங்கியிருக்கும், வெயில் வரட்டும் என்றான். வெயிலும் வந்தது. ஒரே பக்கமாகத் துளைத்தால் பிட்டு உள்ளே சாய்ந்து பின்பக்கம் கன்னாபின்னாவென்று வெளியே வரும், பாதி முன்னாலிருந்தும் பாதி பின்னாலிருந்தும் போட வேண்டும், அதற்கு நிதானம் வேண்டும் என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்தான். எல்லாம் கேட்டுக்கொண்டேன். நிதானமும் வந்தபாடில்லை. கடைசியில், இனிமேல் தப்பிக்க முடியாது என்று தெரிந்தபோது, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா திட்டும் செவ்வந்தி. வவுத்துல புள்ள இருக்கசொல்ல வூட்டுப் பொருளுல ஓட்டை போடக்கூடாதாம்."

எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, துளைக்கக்கூடாது, அதிலும் புருஷன்காரன் செய்யவே கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் ஒடுகத்தூரிலும் சொல்கிற பேச்சுதான். எனக்குப் புதிதில்லை. ஆனால் ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் சல்லடை ஆக்கிவிட்டு வருகிறவனுக்குத் தன் வீட்டு மரக்கட்டை மட்டும் எப்படித் தீட்டாகும்? "அது சோத்துக்கு. சாமி மன்னிச்சிடும்" என்றான். சாமி இவ்வளவு விவரமாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

என் கோபமெல்லாம் மாமியார் பக்கம் திரும்பியது. கெங்கம்மாள் அத்தை வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர் இல்லை. மலைச்சரிவில் கொஞ்சம் சாமை போடுகிறார், புளிக் காலத்தில் புளி அடிக்கப் போகிறார், வீடு திரும்பியதும் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கிறார். அப்படிப்பட்டவர் இதில் மட்டும் ஏன் குறுக்கே விழுந்து படுக்கிறார் என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். வெந்நீரை வாங்கி ஊற்றிக்கொண்டே திட்டினேன், மனசுக்குள்தான்.

ஒரு கிடாருக்காக இவளுக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்கிறேன்.

நான் ஜமுனாமரத்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்ய மலையேறி வந்தவள். கடைக்கு ஃபேன் மாட்ட வந்தவன்தான் அஜய். ஃபேன் மாட்டிய பிறகும் ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வந்துகொண்டே இருந்தான். அது நன்றாகத்தான் சுற்றியது. கல்யாணத்துக்கு அப்புறம் சாயங்காலங்களில் அந்தப் பழைய கிடாரை வைத்துக்கொண்டு எதையாவது வாசிப்பான். பெரிய வித்துவான் ஒன்றுமில்லை. விரல் தடுமாறும், தடுமாறின இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்காருவேன்.

முதல் தடவை பிள்ளை உண்டானபோது அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஐந்தாம் மாதமே தொட்டில் மாட்ட மச்சில் கொக்கி போட்டுவிட்டான். மெஷினை எடுத்து மேலே துளைத்து, கொக்கியை முடுக்கி, அதில் தானே இரண்டு கையாலும் தொங்கிக் காட்டி, "பார், உன்னியே தாங்கும்" என்றான். ஆறாம் மாதம் பிள்ளை அசையவில்லை. வேன் பிடித்து மலையிறங்கி வேலூர் போனோம். அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை இல்லாமல்தான் வெளியே வந்தேன். டாக்டரம்மா ரொம்ப நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காரணம் இன்னதென்று சொல்ல முடியவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்றார்.

அதற்கப்புறம் நான் அழுதேன், கத்தினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன், ஒரு மாதிரி மீண்டும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். அவன் அழவே இல்லை. கிடாரைப் பரண் மேல் போட்டான். மழைக் காலத்து ஈரத்தில் அதன் டப்பா பிளந்துகொண்டது. பேசுவான், சாப்பிடுவான், வேலைக்குப் போவான், ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நானும் தேடிப் பார்த்தேன், காமெடி சீன் போட்டுக் காட்டினேன், சண்டை போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒருநாள் பலாப் பலகையோடு வந்து நின்றான். பழைய கழுத்துக்குப் புது உடம்பு செய்யப் போகிறேன் என்றான். பலகையை இழைக்கும்போது வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். என் புருஷன் திரும்பி வருகிறான் என்று நினைத்தேன். கழுத்தைப் பொருத்தியாயிற்று, கம்பி அதிர்வதைப் பிடித்துச் சத்தமாக்குகிற காந்தம் ஆன்லைனில் வந்தது, ஒயரிங் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போனது. அன்றைக்கு நின்ற வேலைதான். ஆறு ஓட்டை பாக்கி.

இப்போது புரிகிறதா? எனக்கு வேண்டியது கிடார் இல்லை.

அன்றைக்குச் சந்தை நாள். அஜய் காலையிலேயே ஏதோ ஒரு வீட்டுக்கு வயரிங் வேலையாகப் போய்விட்டான். எனக்குக் கடை லீவு. அத்தை வாசலில் முறத்தில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தபடி நின்றேன்.

"இன்னாமே, மொறைச்சிக்கினு நிக்கிற?" என்றார்.

கேட்டே விட்டேன். "அத்த, கோச்சிக்காதீங்க. அந்தக் கிடாருல ஓட்டை போடக்கூடாதுன்னு ஏன் சொன்னீங்க? ஊரு பூரா போட்டுட்டுதான வர்றாரு? அப்பல்லாம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா?"

முறம் நின்றது. "நானா? நான் எப்பமே சொன்னேன்?"

"அவருதான் சொன்னாரு. அம்மா திட்டும்னு."

"அய்ய!" என்று முறத்தைக் கீழே வைத்தார். "எங்கிட்ட வேற மாதிரி இல்ல சொன்னான்? செவ்வந்தி பயப்படுதும்மா, வூட்டுல ஆணி கீணி எதுவும் அடிச்சிடாதன்னான். நீ பயந்துக்கினு இருக்கியேன்னு நான் காலண்டரக்கூட மாட்டாம வெச்சிருக்கேன். தெனம் குனிஞ்சி குனிஞ்சி தேதி கிழிக்கிறேன்."

உண்மைதான். இந்த வருஷத்துக் காலண்டர் அரிசி டிரம் மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பழைய ஆணி உதிர்ந்துவிட்டது. ஏன் புது ஆணி அடிக்கவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. ஆக என்னைக் காட்டி அம்மாவையும், அம்மாவைக் காட்டி என்னையும் மடக்கி வைத்துவிட்டு, அந்த உத்தமன் நடுவில் நல்ல பிள்ளையாக உலாவியிருக்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அத்தையின் முகம் மாறியது.

"அப்போ அவன்தான் பயந்துக்கினு இருக்கான்" என்றார்.

சொல்வதா வேண்டாமா என்று சாமையைக் கையால் அளைந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார். நான் வேலூரில் படுத்திருந்தபோது துணிமணி எடுக்க அஜயும் அத்தையும் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். சேதி கேட்டுச் சொந்தக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் கன்னியம்மாள் என்று அத்தைக்கு ஒரு சின்னம்மா மகள், மேலே அண்ணாந்து கொக்கியைப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "வவுத்துல புள்ள இருக்கசொல்ல மச்சுல ஓட்டை போட்டா எப்படித் தங்கும்?" அவ்வளவுதான். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

"எல்லாரும் போனப்புறம் ஸ்டூலப் போட்டு ஏறி அந்தக் கொக்கியப் புடுங்கப் பார்த்தாம்மே. கொறடு போட்டு இஸ்தான். வரல. அவனே முடுக்கினதாச்சே, எப்படி வரும்? அப்படியே ஸ்டூலு மேல உக்காந்துக்கினு, நாந்தாம்மா ஓட்டை போட்டேன், நாந்தாம்மா போட்டேன்னு ஒரே அழுவ. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான்." அத்தை மூக்கைச் சிந்தினார். "அவ வாய அன்னிக்கே அடக்கியிருக்கணும் நானு. துக்கத்துல எனக்கு வாயே வரல."

அங்கேயே உட்கார்ந்தேன். அவன் அழவில்லை என்று எத்தனை நாள் அவனை உள்ளுக்குள் கடிந்திருக்கிறேன்! காரணம் தெரியாமல் ஒரு சாவு நடந்தால் யாரையாவது பிடித்துக் கொடுத்தால்தான் மனசு ஆறும்போலிருக்கிறது. நான் கடவுளைப் பிடித்தேன். என் புருஷன் தன்னையே பிடித்துக் கொடுத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமல், என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறான். பாவம். பாவம் என்று நினைத்த அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வெளியே வரும்.

எழுந்துபோய்ப் பீரோ பக்கத்தில் துணி சுற்றி வைத்திருந்த கிடாரைத் தூக்கி வந்து, கட்டில் மேல் சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல் வைத்தேன். அவனிடம் இரண்டு மெஷின் உண்டு. சின்னது வீட்டில்தான் இருந்தது. நீளப் பிட்டு ஏற்கெனவே அதில் மாட்டித் தயாராக இருந்தது. பாருங்கள், மாட்டியும் வைத்திருக்கிறான்.

"இன்னாமே பண்ற?" என்று அத்தை பின்னாலேயே ஓடிவந்தார்.

"நான் போடப் போறேன். நாளைக்கி ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அது என் கை மேல போவட்டும். அவரு கை மேல வேணாம்."

நான் மருந்து விற்கிறவள். ஓட்டைக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிளக்கைச் சொருகும்போது என் கை கொஞ்சம் நின்றது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது. ஒருவேளை இருந்துவிட்டால்? இருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பழியை அவன் இன்னொரு தடவை சுமக்கக்கூடாது என்று நினைத்தேன். அப்போது அது ரொம்பத் தெளிவாக இருந்தது. சுவிட்சைப் போட்டேன்.

வயிறு முன்னால் நிற்பதால் நேராகக் குனிய முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து பிடித்தேன். மெஷின் உறுமியதும் வளைகாப்பு வளையல் அத்தனையும் கலகலவென்று ஆடின. அத்தை கிடாரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பிட்டு பள்ளத்தில் உட்கார்ந்து சுற்றியது, மஞ்சள் மஞ்சளாகத் தூள் மேலே வந்தது, பலாமரத்துக்கே உரிய அந்த லேசான தித்திப்பு வாசனை அறையெல்லாம் பரவியது. பாதியில் நிறுத்தித் திருப்பிப் போட வேண்டும் என்ற பாடமெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று. ஒரே அமுக்கு. அந்தப் பக்கம் சாக்கில் போய் இடித்து நின்றது.

ஒரு ஓட்டை போட்டுவிட்டேன். அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு மெஷினை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"வவுத்தோட குனிஞ்சது போதும், குடு. உங்கை மேலயும் வேணாம். நான் ஆண்டு அனுபவிச்சவ, எங்கை மேல போவட்டும்."

"அத்த, உங்களுக்கு அது புடிக்கத் தெரியாது."

"கடப்பாரையே புடிச்சிருக்கேன், இது இன்னா?"

கடப்பாரை போலத்தான் பிடித்தார். முழு பாரத்தையும் போட்டு அமுக்கினார். மெஷின் முனகியது, பிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே உள்ளே போயிற்று, நான் "நேரா, நேரா" என்று கத்த, அத்தை "நேராத்தான் போவுது" என்று கத்த, சட்டென்று சத்தம் நின்றது. ஃபேனும் நின்றது. கரண்ட் போய்விட்டது. பிட்டு மரத்துக்குள் இறுகிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. மெஷின் கிடாரின் நெஞ்சில் குத்திய மாதிரி நிமிர்ந்து நிற்க, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் வாசலில் பைக் சத்தம் கேட்டது. கரண்ட் போனால் எலக்ட்ரீசியனுக்கு என்ன வேலை? வீட்டுக்குத்தான் வருவான். இதை நாங்கள் யோசிக்கவில்லை.

அஜய் உள்ளே வந்தான். கட்டிலைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், என் புடவையில் மஞ்சள் தூளைப் பார்த்தான். கடைசியாக என் வயிற்றைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினான். எந்த நிலைமையிலும் அதை மட்டும் மறக்க மாட்டான்.

"யாரு போட்டது?"

"நான்" என்றேன்.

"நானு" என்றார் அத்தை.

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றான். "ஏன் செவ்வந்தி? ஏன்? அவ்ளோ சொன்னேனே..."

"நீ எங்கிட்ட எங்க சொன்ன? அம்மா திட்டும்னுதான சொன்ன? அவங்ககிட்ட நான் பயப்படுறேன்னு சொல்லியிருக்க. மச்சுல கொக்கி போட்டதாலதான் போச்சுன்னு நீ மனசுல வெச்சிக்கினு இருக்கறத எங்கிட்ட எப்பனா சொன்னியா?" கத்த வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. "இப்ப நானும் போட்டுட்டேன், அத்தையும் போட்டுட்டாங்க. இனிமே எது நடந்தாலும் உன் ஒருத்தன் மேலயே போட்டுக்க முடியாது. போ."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். "சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்டா. சத்தியம் தவறினா எனக்குத்தான ஆவும்? ஆவட்டும்."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். வெளியே சந்தையிலிருந்து திரும்புகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டரே காரணம் தெரியலன்னுதான் சொன்னாங்க" என்றான்.

"தெரியலன்னா தெரியலதான். அதுக்கு நீன்னு அர்த்தம் இல்ல."

கை சும்மா இருக்கத் தெரியாதவன், கொறடை எடுத்துப் பிட்டைப் பிடித்து, பின்பக்கமாக மெல்ல மெல்லத் திருகினான். பல்லில் நோவு உள்ள பிள்ளையின் வாயைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு பதமாக. பிட்டு வெளியே வந்தது. கிடாரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். நான் போட்ட ஓட்டை இருக்க வேண்டிய இடத்துக்குத் தள்ளி, மரத்தைச் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அத்தை போட்டது இன்னும் வெளியே வரவே இல்லை. அது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது அவருக்கே தெரியாது.

"இன்னாம்மா இது?" என்றான். "போர்வெல்லா போட்ட?"

"மெஷினு சரியில்லடா."

"மெஷினு சரியில்லயா!"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து உருப்படியான, சாதாரணமான கோபம். எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "நல்லாதான இருக்குது. கரண்ட் வரட்டும், மீதியையும் நாங்களே போட்டுடறோம். அத்த, நீங்க ரெண்டு, நான் ரெண்டு."

"கைய வெச்சீங்கன்னா பாரு" என்று கிடாரை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அவன் பிட்டைத் துடைத்து மாட்டினான். பிளக்கைச் சொருகினான். மெஷினைப் பள்ளத்தின் மேல் வைத்தவன் அப்படியே நின்றான். சுவரில் அன்று காலையில்கூட எத்தனையோ ஓட்டை போட்டிருப்பான். அந்தக் கை சுவிட்சை அமுக்கவில்லை. நான் கிட்டே போய், அவன் பார்க்கிற இடத்தில், கட்டில் தலைமாட்டில் உட்கார்ந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. மெஷின் ஓடியது.

பாதி இறங்கியதும் நிறுத்தினான். நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்தான்.

"இருக்குது" என்றேன். "நீ போடு."

திருப்பி வைத்து, அளந்து, பின்பக்கத்திலிருந்து போட்டான். இரண்டும் உள்ளே சரியாகச் சந்தித்துக்கொண்டன. தூக்கிப் பிடித்து ஜன்னல் பக்கம் காட்டினான். குட்டியாக ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தது. அடுத்ததைப் போட்டான், மறுபடியும் பார்த்தான். "இருக்குதுப்பா" என்றேன். அத்தை சிரித்துவிட்டார். அத்தை போட்ட ஓட்டையை அவனால் முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. அதன் போக்கிலேயே விட்டுப் பின்பக்கம் கொஞ்சம் இறக்கி வெளியே எடுத்தான். என் ஓட்டையைத் தொடவே இல்லை. "இது கெடக்கட்டும். கம்பி பூந்துடும்" என்றான்.

எல்லாம் முடிந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் வாய் வைத்து ஊதினான். தூள் பறந்து அவன் கண்ணிலேயே விழுந்தது. கண்ணைக் கசக்கினான். கசக்கிக்கொண்டே இருந்தான். பிறகுதான் அது தூளுக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கிடாரை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அதன் மேல் நெற்றியை வைத்து அழுதான். நான் வேலூரில் படுத்திருந்தபோது பார்க்காமல் போன அழுகை. அத்தை எழுந்து போகப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அவன் தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"அப்போ அன்னிக்கி... நான் ஒண்ணும் பண்ணலியா?"

"இல்ல" என்றேன்.

"நெஜமா?"

"நீ ஒண்ணும் பண்ணலடா" என்றார் அத்தை.

"இன்னொரு தபா சொல்லு" என்றான் என்னிடம். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். எனக்குப் பொறுமை கிடையாது, ஊருக்கே தெரியும். அன்றைக்கு அவன் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.